ஒரே வன்தட்டில் விண்டோஸ், லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி: 'கோப்பு முறைமை தெரியவில்லை' என்று நிறுவல் நின்றுவிடுவது ஏன்?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டவாறு முதலில் எழுதிவிடுகிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். நிலாவெளிப் பக்கத்துச் சனசமூக நிலையமொன்றின் பழைய ஆண்டு மலர்களை ஸ்கான் செய்து சேர்த்துவரும் மடிக்கணினி உங்களுடையது. 500 ஜிபி வன்தட்டு, 4 ஜிபி நினைவகம், விண்டோஸ் 10. தட்டின் பின்பகுதியில் இடம் ஒதுக்கி, நண்பர் தந்த மிகப் புதிய லைவ் பென் டிரைவைக் (நிறுவாமலே லினக்ஸை இயக்கும் பென் டிரைவ்) கொண்டு அதை இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமையாக, அதாவது தட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி எழுதும் முறையாக, ஃபார்மட் செய்தீர்கள். பின்னர், கையிலிருந்த சற்றுப் பழைய லினக்ஸ் வெளியீடொன்றை, அந்தப் பிரிவை மீண்டும் ஃபார்மட் செய்யாமலே அதில் நிறுவினீர்கள். கோப்புகளெல்லாம் நகலாகி முடிந்து, கடைசிக் கட்டத்தில், கணினி எழும்போது இயங்குதளத்தைத் தொடக்கிவிடும் கிரப் பூட்லோடரை நிறுவும்போது 'அன்னோன் ஃபைல்சிஸ்டம்' என்று நின்றுவிட்டது. லைவ் பென் டிரைவிலிருந்து பார்த்தால் விண்டோஸின் டி டிரைவ் திறக்கிறது, ஆனால் எழுத விடுவதில்லை. ஸ்கான் கோப்புகளை இஎக்ஸ்டி4 பிரிவுக்கு நகலெடுத்தபோது சில கோப்புகள் 'பெயர் மிக நீளம்' என்று மறுக்கப்பட்டன. இதற்கு மேல் யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியையும் நிறுவிப் பார்க்க விரும்புகிறீர்கள். ஆகவே 'எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே கோப்பு முறைமை எது?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி ஒன்று இல்லை. நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியது, தட்டிலுள்ள ஒவ்வொரு பிரிவையும் யார் யார் வாசித்தாக வேண்டும் என்பதையே. திருகோணமலையில் பாடசாலை ஆய்வுகூடங்களிலும் சிறிய அலுவலகங்களிலும் இருபது ஆண்டுகளாகக் கணினிகளைப் பராமரித்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: நிறுவல் இடையில் முறிந்ததென்று என்னிடம் வந்த கணினிகளில் பெரும்பாலானவற்றில் பழுது தட்டில் இருக்கவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவரால் வாசிக்க முடியாமல் போனதே காரணமாக இருந்தது. கொட்டியாரக் குடா எவ்வளவு ஆழமாக இருந்தாலும், படகு கழிமுகத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் அங்குள்ள மணல்திட்டுத்தான் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதைத் தீர்மானிக்கும். கோப்பு முறைமையைத் தெரிவதும் அப்படித்தான்: வாசிப்பவர்களுள் மிகக் குறைவாக அறிந்தவர் யாரோ, அவருக்குப் பொருந்துவதையே எழுத வேண்டும்.

ஒரு கணினி எழும்போது அந்த வாசகர்கள் வரிசையாக வருகிறார்கள். முதலில் தாய்ப்பலகையிலுள்ள யூஇஎஃப்ஐ என்ற தொடக்க நிரல். தட்டிலுள்ள சிறிய ஈஎஃப்ஐ பிரிவை வாசித்து அங்கிருந்து பூட்லோடரை எடுப்பது அதன் வேலை. அதற்குத் தெரிந்திருக்கும் என்று உறுதியாக நம்பத்தக்கது ஃபேட் குடும்பம் ஒன்றே. அதனால்தான் எந்த இயங்குதளத்தை நிறுவினாலும் ஈஎஃப்ஐ பிரிவு ஃபேட் ஆகவே இருக்கிறது. அடுத்து கிரப். அது இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னலைத் தேடி எடுப்பதற்குத் தன்னிடமுள்ள சொந்த வாசிப்பு நிரல்களையே நம்பியிருக்கிறது. லினக்ஸ் கெர்னலுக்குத் தெரிந்தவையெல்லாம் கிரப்புக்கும் தெரியும் என்று நினைப்பதுதான் இந்த விடயத்தில் மிகப் பரவலான தவறு. மூன்றாவது கெர்னல். நான்காவது, தட்டைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கருவி. ஐந்தாவது, பக்கத்துப் பிரிவில் குடியிருக்கும் மற்ற இயங்குதளம். உங்கள் கணினியில் மூன்று குழப்பங்கள் ஒன்றாகத் தெரிந்தாலும், அவை இந்த வரிசையின் வெவ்வேறு இடங்களில் நடந்தவை.

முதலாவது குழப்பம்தான் விரிவாகச் சொல்ல வேண்டியது. இஎக்ஸ்டி4 என்பது ஒரே பெயர், ஆனால் ஒரே பொருள் அன்று. 2008 இல் அது நிலையானதாக அறிவிக்கப்பட்டதிலிருந்து இன்றுவரை புதிய புதிய அம்சங்கள் அதனுள் சேர்க்கப்பட்டு வருகின்றன. ஒரு பிரிவை ஃபார்மட் செய்யும்போது, எந்தெந்த அம்சங்களோடு அது ஆக்கப்பட்டது என்பது அதன் தலைப்பகுதியில், சூப்பர்பிளாக் என்று சொல்லப்படும் இடத்தில், கொடிகளாகக் குறிக்கப்படுகிறது. அந்தக் கொடிகள் மூன்று வகை. முதல் வகையை அறியாதவர் அதைப் பொருட்படுத்தாமல் வாசிக்கலாம், எழுதலாம். இரண்டாம் வகையை அறியாதவர் வாசிக்க மட்டும் செய்யலாம், எழுதக் கூடாது. மூன்றாம் வகையை அறியாதவர் அந்தப் பிரிவைத் தொடவே கூடாது. திருத்தும் கருவிக்கு மட்டும் இவற்றைவிடக் கடுமையான விதி உண்டு: எந்த வகையானாலும் தனக்குத் தெரியாத ஒரு கொடி இருந்தால் அது வேலையை நிறுத்திவிடும், ஏனென்றால் முழுவதும் விளங்காத ஒன்றைத் திருத்தப் புகுவது ஆபத்து.

இஎக்ஸ்டி4 ஐ ஆக்கும் கருவித்தொகுதியான இ2எஃப்எஸ்புரோக்ஸ் 2023 மாசியில் 1.47.0 என்ற பதிப்பை வெளியிட்டது. அதில் இரண்டு அம்சங்கள் இயல்பாகவே இயக்கப்பட்டிருந்தன. ஒன்றின் பெயர் மெட்டாடேட்டா_சிஎஸ்யூஎம்_சீட், மற்றதன் பெயர் ஆர்ஃபன்_ஃபைல். முதலாவது மூன்றாம் வகைக் கொடி. அதாவது, அறியாதவர் தொடக் கூடாது. லினக்ஸ் கெர்னல் அதை நெடுநாளாக அறியும். ஆனால் 2021 இல் வெளிவந்த கிரப் 2.06 அறியாது, அதற்கான திருத்தம் சேர்க்கப்பட்ட கிரப் 2.12 வெளியானது 2023 மார்கழியில்தான். இடைக்காலத்தில் சில லினக்ஸ் வெளியீடுகள் தங்கள் 2.06 இல் அந்தத் திருத்தத்தைத் தாமாகவே சேர்த்துக்கொண்டன. வேறு சில, ஃபார்மட் கருவியில் அந்த அம்சங்களை இயல்பாக இயக்காமல் விட்டன. ஆகவே பதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. உங்கள் நிறுவல் எந்த இடத்தில் நின்றதென்பதை இதோடு பொருத்திப் பாருங்கள்: கெர்னலால் பிரிவை மவுண்ட் செய்ய (இணைத்துத் திறக்க) முடிந்தது, ஆகையால் கோப்புகளெல்லாம் நகலாகின, கடைசியில் கிரப் தன் சொந்தக் கண்ணால் பார்க்க வேண்டி வந்தபோது, அது 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டது.

இரண்டாவது அம்சமான ஆர்ஃபன்_ஃபைலுக்கு 5.15 அல்லது அதற்குப் பிந்திய கெர்னல் தேவை. அது முதல் வகைக் கொடி என்பதால் பழைய கெர்னல் பெரும்பாலும் மவுண்ட் செய்துவிடும். ஆனால் 1.47 க்கு முந்திய எஃப்எஸ்சிகே, 'ஃபீச்சர்_சி12' என்ற புரியாத சொல்லைக் காட்டி, புதிய பதிப்பைக் கொண்டுவா என்று கேட்டு நின்றுவிடும். இப்போது கிரப் சிக்கலை மட்டும் தீர்த்து வைத்தால், அடுத்த முறை பூட் ஆகும்போது இந்தச் சிக்கலில் மாட்டுவீர்கள். இரண்டையும் ஒரே தடவையில் தீர்ப்பதே நல்லது.

இதே மாதிரியான நிகழ்வை 2008 அளவில் நானே சந்தித்திருக்கிறேன். அப்போது இஎக்ஸ்டி3 காலம். ஒவ்வொரு கோப்புக்கும் ஒதுக்கப்படும் ஐநோடு என்னும் பதிவின் இயல்பான அளவு 128 பைட்டிலிருந்து 256 பைட்டாக மாற்றப்பட்டது. ஆய்வுகூடமொன்றில் புதிய கருவியால் ஃபார்மட் செய்த தட்டுகளைப் பழைய கிரப் வாசிக்க மறுத்து, 'எரர் 2' என்று காட்டியது. தட்டுகள் பழுதென்று முடிவு கட்டி, இரண்டு புதிய தட்டுகளை வாங்கச் சொல்லிவிட்டேன். அவையும் அதே பிழையைக் காட்டிய பிறகுதான் காரணத்தைத் தேடினேன். அந்தச் செலவு இன்றும் மனதில் இருக்கிறது. அதனால்தான் தட்டை மாற்றச் சொல்லும் முன் தட்டின் கொடிகளைப் பார்க்கச் சொல்கிறேன்.

இதுவரை சொன்ன பொறிமுறை உறுதியானது. உங்கள் கணினியில் நடந்ததும் இதுவேதான் என்பது மிகவும் வாய்ப்புள்ள ஊகம். உங்கள் தட்டின் கொடிப் பட்டியலை நான் பார்க்காதவரை அதற்கு மேல் சொல்ல மாட்டேன். 'அன்னோன் ஃபைல்சிஸ்டம்' என்பதன் பொருள், என்னிடமுள்ள வாசிப்பு நிரல்களில் எதுவும் இதை அடையாளம் காணவில்லை என்பது மட்டுமே. ஆகவே சோதித்துப் பாருங்கள். லைவ் பென் டிரைவில் பூட் செய்து, முனையத்தில் டம்ப்இ2எஃப்எஸ் கட்டளையை, தலைப்பு மட்டும் காட்டும் 'எச்' தெரிவோடு, அந்தப் பிரிவின் மீது இயக்குங்கள். 'ஃபைல்சிஸ்டம் ஃபீச்சர்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியில் மேலே சொன்ன இரண்டு பெயர்களும் இருந்தால் என் ஊகம் சரி. இல்லாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். எழுத்தின் பெரிய சிறிய வடிவங்களை ஒன்றாகக் கொள்ளும் கேஸ்ஃபோல்ட் போன்ற வேறொரு கொடி அந்த வரியில் இருக்கிறதா என்பதையே அடுத்து பார்ப்பேன்.

அதே சொற்கள் நிறுவலின்போது அல்லாமல், கணினி எழும்போது கருந்திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்பதோடு சேர்ந்து வந்தால் காரணம் பெரும்பாலும் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸிலிருந்து ஏதாவதொரு பிரிவை நீக்கியோ சேர்த்தோ இருந்தால் பிரிவுகளின் இலக்கங்கள் நகர்ந்திருக்கும். கிரப் தன் மீதிக் கோப்புகளைப் பழைய இலக்கத்தில் தேடிக்கொண்டிருக்கும். அங்கே 'எல்எஸ்' கட்டளையால் ஒவ்வொரு பிரிவையும் திறந்து பாருங்கள். சரியான பிரிவு திறக்கிறதென்றால் கோப்பு முறைமையில் குறையில்லை, முகவரிதான் பிழை. சரியான பிரிவே திறக்க மறுத்தால் கொடிகளைச் சந்தேகியுங்கள்.

தீர்வுக்கு மூன்று வழிகள் உண்டு. கிரப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது ஒன்று. பழைய வெளியீட்டில் புதிய கிரப்பைப் புகுத்துவதை, கைப்பழக்கம் இல்லாதவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். டியூன்2எஃப்எஸ் கருவியால் அந்த இரண்டு கொடிகளையும் நீக்குவது இரண்டாவது. இதைச் செய்யும்போது பிரிவு மவுண்ட் செய்யப்பட்டிருக்கக் கூடாது. பயன்படுத்தும் கருவியும் 1.47 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அதாவது கொடியை ஏற்றிய அதே புதிய லைவ் பென் டிரைவிலிருந்தே இறக்க வேண்டும். பழைய கருவிக்கு ஆர்ஃபன்_ஃபைல் என்ற பெயரே தெரியாது. மூன்றாவது வழி மிக எளிது: அந்தப் பிரிவில் இப்போது இருப்பது முடிவடையாத நிறுவல் மட்டுமே என்றால், நிறுவியை மீண்டும் தொடங்கி, இம்முறை அதன் சொந்த ஃபார்மட் கருவியையே அந்தப் பிரிவை ஆக்க விடுங்கள். எந்த இயங்குதளம் ஒரு பிரிவிலிருந்து எழப்போகிறதோ, அதன் நிறுவியே அந்தப் பிரிவை ஆக்க வேண்டும் என்பதை நான் விதியாகவே கடைப்பிடித்து வருகிறேன். ஒரு வெளியீட்டோடு வரும் ஃபார்மட் கருவியும் கெர்னலும் கிரப்பும் ஒன்றாகச் சோதிக்கப்பட்டு வருபவை. உங்களுக்கு இந்த மூன்றாவது வழியையே சொல்வேன். நகலெடுத்த ஸ்கான் கோப்புகள் அந்தப் பிரிவில் இருந்தால் மட்டும் முதலில் அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். அப்படிச் செய்யும்போது ஈஎஃப்ஐ பிரிவை ஃபார்மட் செய்யும் தெரிவு இயங்காமல் இருக்கிறதா என்பதை இரண்டு முறை பாருங்கள். விண்டோஸின் பூட்லோடரும் அங்கேதான் குடியிருக்கிறது.

இனி டி டிரைவ். அதிலுள்ளது விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ், 1993 இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. லினக்ஸில் அதை நெடுங்காலம் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற வெளி நிரல் வாசித்தும் எழுதியும் வந்தது. 2021 இல் 5.15 கெர்னலோடு என்டிஎஃப்எஸ்3 என்ற உள் நிரலும் சேர்ந்தது. ஆகவே எழுத முடியாதிருப்பது லினக்ஸின் இயலாமை அன்று. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்றொரு வசதி உண்டு. நீங்கள் 'ஷட் டவுன்' கொடுக்கும்போது விண்டோஸ் முழுவதுமாக அணைவதில்லை. தன் கெர்னலின் நிலையைத் தட்டில் எழுதிவைத்துவிட்டு அரைத் தூக்கத்துக்குப் போகிறது. தட்டிலுள்ள பிரிவுகள் இன்னும் தன் கையில் இருப்பதாகவே அது கருதும். அந்த நிலையில் லினக்ஸ் எதையாவது எழுதினால், விழித்தெழும் விண்டோஸ் தன் பழைய நினைவை அதன்மேல் எழுதி இரண்டையும் கெடுத்துவிடும். அதனால்தான் லினக்ஸ் எழுத மறுக்கிறது. இந்த மறுப்பு உங்கள் ஸ்கான்களைக் காப்பாற்றியிருக்கிறது என்றே சொல்வேன். 'கட்டாயமாக மவுண்ட் செய்' என்று எங்காவது எழுதியிருக்கும் ஆலோசனையைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள்.

செய்ய வேண்டியது விண்டோஸ் பக்கத்தில்தான். நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி கட்டளையில் 'ஹைபர்நேட் ஆஃப்' என்று கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்து நின்றுவிடும். ஒரு தடவைக்கு மட்டும் என்றால் 'ரீஸ்டார்ட்' கொடுத்து அங்கிருந்து லினக்ஸுக்குப் போகலாம். பெயருக்கு மாறாக, ரீஸ்டார்ட்தான் முழுமையாக அணைக்கிறது. இதற்குப் பிறகும் எழுத விடாவிட்டால் அந்தப் பிரிவு அசுத்தம் என்று குறிக்கப்பட்டிருக்கக்கூடும். மின்சாரம் திடீரென்று நின்ற கணினிகளில் இது வழக்கம். விண்டோஸின் சிஎச்கேடிஎஸ்கே கருவியைக் கொண்டே அதைத் திருத்துங்கள். லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஸை முழுமையாகத் திருத்தும் கருவி என்று நம்பிக் கொடுக்கத்தக்கது எதையும் நான் பயன்படுத்துவதில்லை. விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரின் பூட்டு இருந்தால் டிரைவ் திறந்தே இராது, ஆகவே உங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் சி டிரைவில் அது இருக்கிறதா என்று பார்த்து, மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துவிட்டே பூட் ஒழுங்கில் கை வையுங்கள்.

'பெயர் மிக நீளம்' என்ற சிக்கல் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கே உரியது. ஆங்கிலக் கையேடுகளில் இதைப் பற்றி எழுதுவோர் குறைவு என்பதால் சற்று நின்று சொல்கிறேன். என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 குறிகள் வரை இருக்கலாம். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் அங்கே ஒன்றாகவே எண்ணப்படும். இஎக்ஸ்டி4 இல் எல்லை 255 பைட். லினக்ஸ் பெயர்களை யூடிஎஃப்-8 முறையில் எழுதுகிறது; அதில் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'திருகோணமலை' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் ஆறு எழுத்து. யூனிகோடு கணக்கில் பத்துக் குறி, ஏனென்றால் தி, ரு, கோ, லை ஆகிய நான்கிலும் மெய்க்குரிய வடிவமும் உயிர்க்குறியும் தனித்தனி. யூடிஎஃப்-8 இல் முப்பது பைட். இப்படிப் பார்த்தால், முழுவதும் தமிழில் எழுதிய பெயர் 85 குறிகளுக்கு மேல் போனால் இஎக்ஸ்டி4 ஏற்காது. மலரின் பெயர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதும் உங்கள் பழக்கத்தில் அந்த எல்லை விரைவில் கடந்துவிடும். லினக்ஸின் மற்றக் கோப்பு முறைமைகளான எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், ஃப்ரீபிஎஸ்டியின் கோப்பு முறைமையான யூஎஃப்எஸ் ஆகியவற்றிலும் எல்லை 255 பைட்தான் என்பதால் கோப்பு முறைமையை மாற்றி இதிலிருந்து தப்ப முடியாது. பெயரைச் சுருக்கி, மீதி விவரங்களைத் தனியே ஒரு அட்டவணைக் கோப்பில் எழுதுங்கள். நூலகத்தார் அட்டைப் பட்டியல் வைத்ததும் அப்படித்தான்.

இதே பெயரில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'கோ' விலுள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம்; ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இஎக்ஸ்டி4 அவற்றை இயல்பாக ஒப்பிட்டுச் சமப்படுத்துவதில்லை. ஒரே கோப்புறையில் 'திருகோணமலை' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே இருக்கலாம், ஒன்று முப்பது பைட், மற்றது முப்பத்துமூன்று. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் தட்டுகள் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிப்பவை. மக் கணினியில் யாராவது ஸ்கான் செய்து தந்த கோப்புகள் உங்களிடம் இருந்து, தேடினால் அகப்படவில்லை என்றால், கோப்பு தொலைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பெயரை அழித்து மீண்டும் ஒரே விசைப்பலகை முறையில் தட்டெழுதுங்கள்.

ஃப்ரீபிஎஸ்டியைப் பற்றி முதலில் ஓர் எச்சரிக்கை. அதன் நிறுவியில் பிரிவுகளை ஒதுக்கும் கட்டத்தில் 'ஆட்டோ இசட்எஃப்எஸ்' என்ற தெரிவு முன்னே நிற்கும் (இசட்எஃப்எஸ் அதன் இன்னொரு கோப்பு முறைமை). அது முழுத் தட்டையும் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ், லினக்ஸ், உங்கள் ஸ்கான்கள் அனைத்தும் அழிந்துவிடும். ஒரே தட்டில் மற்றவற்றோடு குடியமர்த்துவதென்றால் யூஎஃப்எஸ் தெரிவில், முழுத் தட்டு அல்ல, வெறுமையாக விட்ட இடம் மட்டும் என்று குறித்துப் போக வேண்டும். அல்லது கையால் ஒதுக்கும் முறையைத் தெரிய வேண்டும். 4 ஜிபி நினைவகத்துக்கு யூஎஃப்எஸ்ஸே பொருத்தமும் கூட. தட்டின் பெயரும் மாறும்: லினக்ஸில் எஸ்டிஏ என்று பார்த்த அதே தட்டு ஃப்ரீபிஎஸ்டியில் ஏடிஏ0 என்று நிற்கும், யூஎஸ்பியில் செருகியது டிஏ0 என்று நிற்கும். பெயரை நம்பாமல் கொள்ளளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள். நிறுவும் நேரத்தில் காப்புப் பிரதி உள்ள வெளித்தட்டைக் கழற்றி மேசைக்கு அப்பால் வைத்துவிடுங்கள். இணைக்கப்படாத தட்டை யாராலும் தவறுதலாக அழிக்க முடியாது.

லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் ஒன்றையொன்று எவ்வளவு வாசிக்கும் என்பதில் சமநிலை இல்லை. லினக்ஸ் யூஎஃப்எஸ்ஸை வாசிக்கும். எழுதும் வசதி கெர்னலில் ஆபத்தானது என்று குறிக்கப்பட்டு, வழக்கமாக மூடியே வைக்கப்பட்டிருக்கிறது. மறுபுறம், ஃப்ரீபிஎஸ்டி 12.0 முதல் இஎக்ஸ்டி4 ஐ வாசிக்கவும் எழுதவும் செய்யும், ஆனால் அதன் ஜர்னலைக் கையாளாது. ஜர்னல் என்பது, தட்டில் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் குறிப்பேடு. மின்சாரம் நின்றால் அடுத்த முறை அந்தக் குறிப்பைப் பார்த்துத் தட்டு ஒழுங்குக்கு வரும். 2022 பங்குனி முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டை அனுபவித்த நமக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று விளக்கத் தேவையில்லை. மின்கலம் நலிந்த பழைய மடிக்கணினியும் மேசைக் கணினி போலத்தான் நடுவில் அணையும். ஆகவே ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து உங்கள் லினக்ஸ் பிரிவை வாசிக்க மட்டும் மவுண்ட் செய்யுங்கள். எழுத முடியும் என்பது உண்மைதான். எழுதலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மூவரும் எழுதும் பொதுப் பிரிவு ஒன்று வேண்டுமென்றால் எஞ்சுவது எக்ஸ்ஃபேட். ஃபேட்32 இல் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. ஸ்கான்களை ஒரே பொதியாகக் கட்டுபவருக்கு அது போதாது. எக்ஸ்ஃபேட்டை 2006 இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அதன் விவரக்குறிப்பை 2019 இல் பகிரங்கமாக்கியது. லினக்ஸ் கெர்னலின் 5.7 பதிப்பு முதல் நல்ல உள் நிரல் இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியின் கெர்னலில் அது இல்லை. கெர்னலுக்கு வெளியே கோப்பு முறைமைகளை இயக்கும் ஃபியூஸ் வழியாக இயங்கும் பொதியைத் தனியே நிறுவ வேண்டும். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னலும் இல்லை, கோப்பின் உரிமையாளர் யார், யார் எழுதலாம் என்ற யூனிக்ஸ் விவரங்களும் இல்லை. அதனால் எந்த இயங்குதளத்தின் வீட்டுக் கோப்புறையையும் அதில் வைக்கக் கூடாது. ஓர் இயங்குதளத்திலிருந்து மற்றதற்குக் கோப்பைக் கடத்தும் இடைத்தரிப்பாக மட்டும், 20 அல்லது 30 ஜிபி அளவில் வைத்துக்கொள்ளுங்கள்; ஸ்கானின் ஒரே பிரதி அங்கே ஒருபோதும் தங்கக் கூடாது.

பிரிவு அட்டவணையிலுள்ள வகைக் குறியீட்டைப் பார்த்து உள்ளே இருப்பது என்னவென்று முடிவு செய்யாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். எம்பிஆர் என்ற பழைய பிரிவு அட்டவணை முறையில் 07 என்ற ஒரே குறியீட்டை என்டிஎஃப்எஸ்ஸும் எக்ஸ்ஃபேட்டும் பகிர்கின்றன. 82 என்ற குறியீட்டை லினக்ஸின் ஸ்வாப்பும் (நினைவகத்துக்குத் துணையாகத் தட்டில் ஒதுக்கும் இடம்) சொலாரிஸ் என்ற இயங்குதளமும் பயன்படுத்தின. சொலாரிஸ் நிறுவிய பிரிவை லினக்ஸ் நிறுவி வெற்று ஸ்வாப் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து அதனால் இருந்தது. குறியீடு கதவில் ஒட்டிய துண்டுத்தாள் மட்டுமே. உள்ளே இருப்பதை 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையின் 'எஃப்' தெரிவோ 'பிஎல்கேஐடி' கட்டளையோதான் சொல்லும்.

உங்கள் நிலையில் நானிருந்தால் இந்த ஒழுங்கில் செய்வேன். ஸ்கான்களை வெளித்தட்டுக்கு நகலெடுத்து, அவற்றில் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பார்த்து, தட்டைக் கழற்றி வைப்பேன். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துவேன். லினக்ஸ் நிறுவியைத் தொடங்கி, அதுவே பிரிவை ஃபார்மட் செய்ய விடுவேன். ஃப்ரீபிஎஸ்டியை இப்போதைக்கு லினக்ஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவிப் பழகுவேன். 4 ஜிபியில் அது மெதுவாக இருந்தாலும், கட்டளைகளைக் கற்பதற்குப் போதும். தட்டில் இடம் வெட்டுவது பிறகு ஆகட்டும்.

அதற்கு முன், டம்ப்இ2எஃப்எஸ் காட்டும் 'ஃபீச்சர்ஸ்' வரியை முழுமையாகவும், நீங்கள் நிறுவும் லினக்ஸிலுள்ள கிரப்பின் பதிப்பெண்ணையும் எழுதுங்கள். அந்த இரண்டையும் பார்த்தால் முதலாவது சிக்கலில் நான் ஊகம் என்று சொன்ன பகுதியை உறுதியாகவே சொல்லிவிட முடியும்.